மனப்பால் குடிப்பவர்கள்: யூஜீன் ஓநீலின் மதுக்கடையில் கடனும் மன்னிப்பும்

1. மேசைமேல் ஒரு சாண்ட்விச்

ஒவ்வொரு மேசையின் நடுவிலும் ஒரு சாண்ட்விச் இருக்க வேண்டும் என்று மேடைக்குறிப்பில் எழுதிவைத்தார் யூஜீன் ஓநீல். ரொட்டி காய்ந்து தூசு படிந்திருக்கும். உள்ளிருக்கும் இறைச்சியோ பாலாடைக்கட்டியோ வற்றிச் சுருங்கிப்போயிருக்கும். சுற்றிலும் உட்கார்ந்திருப்பவர்கள் வயிறு காய்ந்த குடிகாரர்கள். இருந்தும் அந்த ரொட்டியில் ஒருவன்கூடக் கை வைக்க மாட்டான்.

அந்த சாண்ட்விச்சைக் கொண்டுவந்து வைத்தது ஒரு சட்டம். 1896இல் நியூயார்க் மாநிலச் செனட்டர் ஜான் ரெய்ன்ஸ் பெயரால் வந்த சட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் மது விற்கத் தடை போட்டது. விடுதிகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. பத்து அறைகள் இருந்தால் விடுதி. விருந்தினருக்கு உணவோடு சேர்த்து மது கொடுக்கலாம். மதுக்கடைக்காரர்கள் மாடியில் பலகைத் தடுப்பு அடித்து அறைகளை எண்ணிக் காட்டினார்கள். கீழே மேசைக்கு ஒரு சாண்ட்விச் வைத்தார்கள். கடை விடுதியாயிற்று, குடி சாப்பாடாயிற்று. தடுப்பறைகள் விபச்சாரத்துக்கு வசதியாகிப்போக, அவற்றை ஒழிக்கவென்றே 1905இல் ‘பதினால்வர் குழு’ என்றொரு குடிமக்கள் அமைப்பு தோன்றியது. நல்லொழுக்கத்துக்காகக் கொண்டுவந்த சட்டம் எங்கே போய் முடிந்தது என்பதற்கு அந்தக் குழுவே சாட்சி.

‘தி ஐஸ்மேன் கமெத்’ நாடகத்தின் ஹாரி ஹோப் மதுக்கடை இப்படிப்பட்ட ‘ரெய்ன்ஸ் சட்ட விடுதி’களில் ஒன்று. நடப்பது 1912 கோடைக்காலம். முன்புறம் ஐந்து சென்ட் விஸ்கி விற்கும் பார்; அழுக்குக் கறுப்புத் திரையொன்றால் பிரித்த பின்னறை; அங்கே இந்த சாண்ட்விச்சுகள். (தமிழில் ‘சலூன்’ என்றால் முடிதிருத்தகம் என்றாகிவிட்டதால் மதுக்கடை என்றே எழுதுகிறேன்.) பாத்திரம் ஒன்று வாய் திறப்பதற்கு முன்பே மேடையில் ஒரு பொய் உட்கார்ந்திருக்கிறது. அது பொய் என்பது கடைக்காரருக்கும் குடிப்பவருக்கும் மாமூல் வாங்கும் போலீஸுக்கும் தெரியும்.

இந்த நாடகத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவது ஒன்று உண்டு: பிரமைகள் இல்லாமல் மனிதனால் வாழ முடியாது, அவற்றைப் பறித்தால் அவன் செத்துப்போவான். பாடநூல் முன்னுரை முதல் பத்திரிகை மதிப்புரை வரை ஏறக்குறைய இதே வாக்கியம்தான். பிரதி இந்த வாக்கியத்தை எவ்வளவு தூரம் தாங்குகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பாதி தூரம்வரை தாங்குகிறது என்பது என் வாசிப்பு. மீதிப் பாதிக்கு வேறொரு திறவுகோல் வேண்டும். அது நாடகத்தின் முதல் ஐந்து நிமிடத்திலேயே கிடக்கிறது.

2. கதை

ஹாரியின் கடையில் பதினைந்து பேர் அடைந்து கிடக்கிறார்கள். ஹாரி வெளியே போய் இருபது வருடம் ஆகிறது. மனைவி பெஸ்ஸி இறந்த துக்கம் என்று சொல்லிக்கொள்கிறார். நாளைக்கு வார்டு முழுக்கச் சுற்றிப் பழைய அரசியல் நண்பர்களைப் பார்க்கப்போவதாகவும் சொல்கிறார். பணிநீக்கம் செய்யப்பட்ட போலீஸ் அதிகாரி மெக்ளாயின் மேல்முறையீடு செய்து பதவியை மீட்பான், நாளைக்கு. ஹார்வர்டில் சட்டம் படித்த வில்லி ஓபன் அரசு வழக்கறிஞரைப் பார்த்து வேலை கேட்பான், நாளைக்கு. பழைய பத்திரிகையாளன் ஜேம்ஸ் கேமரனுக்குப் பட்டப்பெயரே ‘நாளைக்கு ஜிம்மி’. போயர் போரில் எதிரெதிராகச் சண்டையிட்ட இருவர் ஒரே மேசையில் சாய்ந்து தூங்குகிறார்கள். இரவில் மது ஊற்றும் ராக்கி தன்னைத் தரகன் என்று சொன்னால் சண்டைக்கு வருவான். தான் பார்டெண்டர் மட்டுமே என்பான். அவனிடம் சம்பாத்தியத்தைக் கொடுக்கும் பெண்களும் தங்களுக்கென்று ஒரு மிதமான பெயர் வைத்திருக்கிறார்கள்.

எல்லோரும் ஹிக்கிக்காகக் காத்திருக்கிறார்கள். ஊர் ஊராகப் போய் இரும்புச் சாமான் விற்கும் ஹிக்கி, ஹாரியின் பிறந்தநாளுக்குத் தவறாமல் வந்து கைப்பணத்தையெல்லாம் குடித்தும் குடிக்கவைத்தும் தீர்ப்பவன். மனைவி எவ்லினை ஐஸ்காரனோடு படுக்கையில் விட்டுவிட்டு வந்தேன் என்பது அவன் வழக்கமான வேடிக்கை. இம்முறை குடிக்காமல் வருகிறான். தனக்கு அமைதி கிட்டிவிட்டது, உங்களுக்கும் தருகிறேன் என்கிறான். வழி எளிது: நாளைக்கு என்று சொன்னதை இன்றைக்கே செய்துவிடு. தோற்பாய். தோற்றபின் பொய் இராது, குற்றவுணர்வும் இராது.

மூன்றாம் அங்கத்தில் ஒவ்வொருவராகச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கைகால் நடுங்க, வாசல் தாண்டுகிறார்கள். ஹாரி தெருவின் பாதிவரை போய் ஓடி வந்துவிடுகிறார். மோட்டார் வண்டி தன்னை இடித்துத் தள்ளப்பார்த்தது என்கிறார். வண்டி ஏதும் வரவில்லை என்கிறான் ராக்கி. எல்லோரும் திரும்பி வருகிறார்கள். விஸ்கியில் போதை இல்லை. ஹிக்கி என்னவோ செய்துவிட்டான் என்று புலம்புகிறார்கள். நான்காம் அங்கத்தில் ஹிக்கி தன் அமைதியின் மூலத்தைச் சொல்கிறான். எவ்லினைத் தூக்கத்தில் சுட்டுக் கொன்றுவிட்டுத்தான் வந்திருக்கிறான்.

3. சொல்லும் அதன் தமிழும்

நாடகம் முழுவதும் திரும்பத் திரும்ப வரும் சொல் ‘பைப் ட்ரீம்’. அபினிக் குழாயின் புகையில் தோன்றும் கனவு என்ற பொருளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் பேச்சுவழக்கில் புகுந்தது. இதைப் பகற்கனவு என்றோ மனக்கோட்டை என்றோ தமிழாக்கலாம். பகற்கனவில் சோம்பல் இருக்கிறது, கேலி குறைவு. மனக்கோட்டையில் உழைப்பின் சாயல் வந்துவிடுகிறது. எனக்குப் பொருத்தமாகப் படுவது ‘மனப்பால்’. நம் மொழி கனவைக் கட்டச் சொல்லவில்லை, குடிக்கச் சொல்கிறது. மதுக்கடை நாடகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பொருத்தம் அதோடு முடியவில்லை. ‘அவன் மனப்பால் குடிக்கிறான்’ என்கிறோம். ‘நான் மனப்பால் குடிக்கிறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. அடுத்தவரைப் பார்த்து மட்டுமே சொல்லக்கூடிய சொல் அது. ஓநீலின் பாத்திரங்களும் இப்படித்தான். பக்கத்து மேசைக்காரனின் மனப்பால் எவ்வளவு வெறும் மனப்பால் என்று ஒவ்வொருவனுக்கும் துல்லியமாகத் தெரியும். தன்னுடையது திட்டம்.

தலைப்பிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘கமெத்’ என்பது பேச்சு ஆங்கிலம் அன்று, பழைய விவிலிய ஆங்கிலம். பத்துக் கன்னியர் உவமையில் நள்ளிரவில் மணவாளன் வருவதாக எழும் கூக்குரலை அது நினைவூட்டுகிறது. வீட்டுக்கு வீடு இடுக்கியில் ஐஸ்கட்டி தூக்கிக்கொண்டு வரும் ஆளை அந்த வேதமொழியோடு முடிச்சுப்போட்டார் ஓநீல். ‘ஐஸ்காரன் எழுந்தருளுகிறான்’ என்றால் தமிழில் அந்த முரண் கொஞ்சம் கிட்டும். குளிர்பதனப் பெட்டி பரவாத 1912இல் ஐஸ்காரன் அன்றாடம் சமையலறைவரை வந்துபோகும் அந்நிய ஆண். கணவன் வெளியூரில் இருக்கும் வீடுகளைப் பற்றிய மலிவான ஜோக்குகள் அவனைச் சுற்றிப் பிறந்தன. (அமெரிக்க ஐஸ் நமக்கும் அந்நியமன்று. பாஸ்டன் பக்கத்துக் குளங்களில் வெட்டியெடுத்த பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து வைக்கக் கட்டிய கிடங்குதான் சென்னைக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ்.) ஓநீலின் ஐஸ்காரன் மரணம். ஹிக்கி சொல்லிவந்த ஜோக் உண்மையாகிவிட்டது; எவ்லினிடம் வந்த ஐஸ்காரன் அவனேதான்.

4. இதுவரையான வாசிப்புகள்

மரபான வாசிப்பு இப்சனிலிருந்து தொடங்குகிறது. 1884இல் வந்த ‘காட்டு வாத்து’ நாடகத்தில் உண்மையை வீட்டுக்குள் கொண்டுவரும் இலட்சியவாதி ஒரு சிறுமியின் சாவுக்குக் காரணமாகிறான். சராசரி மனிதனுக்கு வாழ்வுப் பொய் மருந்து என்று அங்கே ஒரு மருத்துவன் சொல்கிறான். அடுத்து 1902இல் வந்த கார்க்கியின் ‘அடித்தளங்கள்’: சத்திரத்துக்கு வரும் லூகா என்ற கிழவன் நம்பிக்கைப் பொய்களைத் தந்துவிட்டு மறைகிறான். லூகாவைத் தலைகீழாக்கினால் ஹிக்கி. ஓநீலின் லாரி ஸ்லேடும் தொடக்கத்திலேயே மனப்பால்தான் எங்கள் எல்லோருக்கும் உயிர் தருகிறது என்ற கருத்தைச் சொல்லிவிடுகிறான். அதை ஆசிரியரின் முடிவுரையாக எடுத்துக்கொள்வது சுலபம். லாரி அதைச் சொன்ன கையோடு தன்னை மட்டும் விலக்கிக்கொள்கிறான் என்பதைத்தான் பலரும் கவனிக்கவில்லை. நான் வேடிக்கை பார்ப்பவன், எனக்கு எதுவும் வேண்டாம், சாவுக்காகக் காத்திருக்கிறேன் என்பவன் அவன். கடையிலேயே பெரிய மனப்பால் அதுதான்.

இரண்டாவது, சமய வாசிப்பு. 1958இல் சைரஸ் டே எழுதிய கட்டுரை ஹிக்கியைக் கிறிஸ்துவின் கேலிப்படிமமாகக் காட்டியது. இரண்டாம் அங்கத்துப் பிறந்தநாள் விருந்தின் அமர்வு லியனார்டோவின் இறுதி இராவுணவை ஒத்திருப்பது, மூன்று பெண்கள், தாயைக் காட்டிக்கொடுத்த டான் பாரிட் யூதாசாக நிற்பது என்று அவர் காட்டிய ஒப்புமைகள் தற்செயல் என்று தள்ள முடியாதவை. ஹிக்கி ஒரு பிரசங்கியின் மகன் என்பதும் சேர்கிறது. இருந்தும் ஒப்புமைப் பட்டியல் நீள நீள, மேடையில் நடப்பது கண்ணிலிருந்து மறைகிறது. யூதாசை அடையாளம் கண்டாயிற்று, பிறகு என்ன?

மூன்றாவது, வாழ்க்கை வரலாற்று வாசிப்பு. இதற்கு ஆதாரம் ஏராளம். 1911–12 வாக்கில் ஓநீல் நியூயார்க் ஃபுல்டன் தெருவில் ‘ஜிம்மி த ப்ரீஸ்ட்’ என்ற மட்டமான மதுக்கடையின் மாடியில் தங்கியிருந்தார்; அங்கே வெரோனால் மாத்திரைகளை விழுங்கித் தற்கொலைக்கு முயன்றார். அதைப் பற்றி எழுதிய ‘எக்ஸார்சிசம்’ என்ற ஓரங்க நாடகம் 1920இல் மேடையேறியபின் பிரதிகளைத் திரும்பப்பெற்று அழித்தார். தப்பிய ஒரு பிரதி 2011இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. ‘நாளைக்கு ஜிம்மி’க்கு மூலம் ஜேம்ஸ் பைத் என்ற பழைய விளம்பர முகவர், அவர் 1913இல் அதே விடுதியின் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். நாடகத்தில் ஜிம்மி உயிரோடு திரும்புகிறான், மாடியிலிருந்து விழுபவன் பாரிட். பாரிட்டின் மூலமோ டொனால்ட் வோஸ். 1910 லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் கட்டடக் குண்டுவெடிப்பில் தேடப்பட்டவர்களைக் காட்டிக்கொடுத்தவன். தாய் எம்மா கோல்ட்மனின் தோழி, அராஜகவாதி. வோஸின் துரோகம் வெளிப்பட்டது 1915இல். ஓநீல் அதை 1912க்கு இழுத்துக்கொண்டார். வரலாற்றை மீறியாவது அந்த ஆண்டுக்குள்ளேயே எல்லாவற்றையும் அடைத்துவிட வேண்டும் என்ற வேகம் அவருக்கு இருந்திருக்கிறது. தன் குடும்பத்தை வைத்து எழுதிய ‘லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்’ நாடகமும் அதே 1912 கோடையில் நடப்பது இதை உறுதிப்படுத்துகிறது.

நான்காவது தரப்பு, நாடகம் தேறவில்லை என்பவர்கள். முதல் அரங்கேற்றத்தின்போது மேரி மெக்கார்த்தி ‘பார்ட்டிசன் ரிவ்யூ’வில் கடுமையாகத் தாக்கினார்: உரைநடை கட்டையானது, குடிகாரர்கள் குடிகாரர்களைப் போல இல்லை. எரிக் பென்ட்லி இந்நாடகத்தை ஜெர்மன் மொழியில் மேடையேற்றிய அனுபவத்தோடு எழுதினார். வெட்டினால் மேம்படும் என்பது அவர் கட்சி. தியேட்டர் கில்டின் லாரன்ஸ் லாங்னர் சொன்ன சம்பவம் ஒன்றும் உண்டு. ஒரே கருத்து பதினெட்டு முறை வருகிறதே என்று ஓநீலிடம் சுட்டிக்காட்டியபோது, பதினெட்டு முறை வர வேண்டும் என்றுதான் எழுதினேன் என்றாராம்.

கூறியது கூறல் நம் இலக்கணத்திலும் குற்றம்தான். ஆனால் இங்கே திரும்பத் திரும்ப வருவது கருத்தன்று, தவணை. கடன்காரன் ஒவ்வொரு நாளும் சொல்வது ஒரே வாக்கியம்தானே?

5. இன்று கடன், நாளை ரொக்கம்

நாடகம் திறக்கும்போது விடியற்காலை. பின்னறையில் எல்லோரும் மேசைமேல் கவிழ்ந்து தூங்குகிறார்கள். விழித்திருப்பவன் லாரி ஒருவன்தான். திரையை விலக்கிக்கொண்டு வரும் ராக்கி, முதலாளிக்குத் தெரியாமல் சீக்கிரம் ஊற்றிக்கொள் என்று புட்டியை நீட்டுகிறான். இனி யாருக்கும் ஓசிக் குடி கிடையாது, நாளையிலிருந்து கணக்கு கறார் என்று ஹாரி உறுமியிருக்கிறார் என்ற செய்தியையும் சொல்கிறான். லாரியின் பதில்: மகிழ்ச்சியோடு பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன், நாளைக்கு, இங்கிருக்கும் மற்றவர்களும் இதையே சொல்வார்கள்.

கதை தொடங்குமுன் வரும் வெறும் கலகலப்பாகவே இது வாசிக்கப்பட்டுவருகிறது. எனக்கு இது நாடகத்தின் அடித்தளமாகத் தெரிகிறது. ஹாரியின் ‘நாளை முதல் கறார்’ என்பதும் ஒரு மனப்பால். அவர் எந்நாளும் யாரையும் வெளியே தள்ளப்போவதில்லை. லாரியின் ‘நாளைக்குத் தருகிறேன்’ என்பதும் அதேதான். மனப்பாலுக்கும் குடிப் பாக்கிக்கும் தவணைத் தேதி ஒன்று. நம் பெட்டிக்கடைகளில் ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்று பலகை தொங்கும். ஹாரியின் கடைக்குப் பலகை எழுதினால் அதைப் புரட்டி எழுத வேண்டும்.

அங்கே புழங்குவது விஸ்கி மட்டுமன்று, நம்பிக்கையும்தான், இரண்டும் கடனுக்கே. உன் பதவி மீட்பை நான் நம்புகிறேன் என்று மெக்ளாயினிடம் முன்னாள் சர்க்கஸ்காரன் ஒருவன் சொன்னால், அவன் இவனுடைய சர்க்கஸ் வேலையை நம்ப வேண்டும். உண்மையிலேயே நம்ப வேண்டும் என்றில்லை. கேட்கும்போது சிரிக்காமல் இருந்தால் போதும். கடன் பத்திரம் ஒருநாளும் வங்கிக்குப் போகாது என்று இரு தரப்புக்கும் தெரியும். அதனால்தான் அதற்கு மதிப்பு. மேசைமேல் இருக்கும் சாண்ட்விச்சும் அப்படிப்பட்ட பத்திரம்தான். கடித்துப் பார்த்தால் தீர்ந்தது.

ஹிக்கி செய்வது கடித்துப் பார்ப்பது. எல்லாப் பத்திரங்களையும் ஒரே காலையில் வசூலுக்குக் கொண்டுவருகிறான். அவன் உண்மையைப் பேசுகிறான் என்ற வழக்கமான விளக்கம் சரியாகப் பொருந்தவில்லை. அவன் சொல்லும் உண்மை எதுவும் அங்கே யாருக்கும் புதிதன்று. கடனை ரொக்கமாக்கச் சொல்கிறான் என்பதுதான் புதிது. அதனால்தான் முதலில் உடைவது தனிமனித நம்பிக்கை அல்ல, உறவு. மூன்றாம் அங்கத்தில் நண்பர்கள் கத்தி கபடாவோடு ஒருவரையொருவர் நெருங்குகிறார்கள். பல வருடம் ஒன்றாகத் தூங்கிய ஆங்கிலேயக் கேப்டனும் போயர் தளபதியும் பழைய போரை மீண்டும் தொடங்கிவிடுகிறார்கள். விஸ்கியில் போதை போனது இந்த இடத்தில்தான். புட்டிக்குள் இருந்தது அதே சரக்கு.

இந்த ஏற்பாட்டை நான் இலட்சியமாக்கவில்லை. அதில் சமத்துவமும் இல்லை. கடையிலிருக்கும் ஒரே கறுப்பர் ஜோ மாட், முன்னாள் சூதாட்டக் கூடத்தின் முதலாளி. மற்றவர்கள் அவரை வெள்ளையராகவே நடத்துவதாகச் சொல்வது அவர்கள் அவருக்குக் கொடுத்த கடன். பதற்றம் ஏறியதும் முதலில் திரும்பப் பெறப்படுவது அதுதான், வசைச்சொல் வந்துவிடுகிறது. வெளியேறும் முன் ஜோ தான் குடித்த கண்ணாடிக் குவளையைத் தரையில் போட்டு உடைக்கிறார். தன் முதுகு திரும்பியதும் நீங்களே உடைக்கப்போகிறீர்கள், கறுப்பன் வாய் வைத்த குவளையில் வெள்ளையன் குடிக்க மாட்டானே, அந்தச் சிரமம் உங்களுக்கு எதற்கு என்கிறார். ஓநீலின் நீண்ட பேச்சுகள் பலவற்றைவிட அந்த ஒரு குவளை உடையும் ஓசை எனக்குப் பெரிதாகக் கேட்கிறது.

6. எவ்லினின் பேரேடு

இப்போது மரபான வாசிப்பு இடறும் இடத்துக்கு வரலாம். பிரமை உயிர் காக்கும் என்றால் எவ்லின் ஏன் சாக வேண்டும்? கணவன் திருந்திவிடுவான் என்ற அவளுடைய மனப்பால் கடைக்காரர்களின் மனப்பாலைவிடக் குறைந்ததன்று. ஒவ்வொரு முறையும் ஹிக்கி குடித்து, பெண்களிடம் போய், ஒருமுறை நோய்கூடக் கொண்டுவந்து, காலில் விழுகிறான். ஒவ்வொரு முறையும் அவள் மன்னிக்கிறாள். இனி நடக்காது என்று அவன் சொன்னதை நம்பி மன்னிக்கிறாள். அதே ‘நாளைக்கு’. பொய் ஒன்றே, ஓரிடத்தில் அது பதினைந்து பேரைச் சாகாமல் வைத்திருக்கிறது, இன்னோரிடத்தில் கொலையில் முடிகிறது.

வேறுபாடு பொய்யில் இல்லை, பேரேட்டில் இருக்கிறது. மதுக்கடையில் எல்லோரும் கடனாளிகள்; யாரும் யாருக்கும் மேலே இல்லை. வீட்டில் கடன் முழுக்க ஒரே பக்கம். எவ்லின் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள், ஹிக்கியால் திருப்பித் தர ஏதுமில்லை. அவள் ஒருமுறையாவது தவறு செய்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும். ஐஸ்காரன் ஜோக்கின் அடியில் இருக்கும் ஏக்கம் இதுதான். அவளும் துரோகம் செய்ய வேண்டும் என்று அவன் விரும்பியிருக்கிறான். மன்னிப்பு வட்டியாய் ஏறி ஏறித் தாங்க முடியாத சுமையானபோது, கடன் கொடுத்தவளையே தீர்த்துக்கட்டுகிறான். அதற்கு அன்பு என்று பெயர் வைக்கிறான்: இனி என்னை மன்னிக்கும் வேதனையிலிருந்து அவளை விடுவித்தேன்.

நீண்ட வாக்குமூலத்தின் நடுவில் ஒரு வாக்கியம் வாய் தவறி வந்துவிடுகிறது. பிணத்தைப் பார்த்துச் சிரித்தபடி, அவளுடைய மனப்பாலைக் கேலிசெய்து, ஒரு கெட்ட வார்த்தையால் அவளை ஏசியதாகச் சொல்லிவிடுகிறான். சொன்னதும் அவனே அதிர்ந்துபோகிறான். அவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட பெரிய பொய் அங்கே உடைகிறது. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும் என்கிறான்.

ஹாரி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறார். பைத்தியமா? அப்படியானால் இரண்டு நாளாக ஒரு பைத்தியக்காரனைச் சமாதானப்படுத்தத்தானே நாங்கள் எல்லோரும் வெளியே போய்வந்தோம்? முதலில் ஹிக்கி மறுக்கப்பார்க்கிறான். நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று புரிகிறது, விட மாட்டேன் என்கிறான். ஹாரியின் முகம் இறுகுவதைக் கண்டதும் அவசரமாக ஒப்புக்கொள்கிறான். ஆமாம் ஹாரி, அப்போதிருந்தே எனக்குப் புத்தி சரியில்லை. உண்மையில் பைத்தியம்தானா, தண்டனைக்குத் தப்பப் பார்க்கிறானா என்று விமர்சகர்கள் வாதிடும் இடம் இது. மேடைக்குறிப்பைக் கவனித்தால் இங்கே ஒரு கொடுக்கல் வாங்கல் நடப்பது தெரியும். இரண்டு நாளாக வசூலிக்க வந்தவன், போலீஸ் கைவிலங்கோடு போகும்முன் கடைசியாக ஒரு கடன் கொடுத்துவிட்டுப் போகிறான். ஹாரியும் பதிலுக்கு அவன் பைத்தியத்தை நம்புகிறார். சற்று நேரத்தில் விஸ்கிக்குப் போதை திரும்பிவிடுகிறது.

இந்தக் கணக்கில் எவ்லினுக்கு ஒரு வரிகூட இல்லை. வாக்குமூலம் நீண்டுகொண்டே போகையில், அவளைக் கொன்றாய், யாருக்கு என்ன கவலை, சீக்கிரம் முடி என்று ஹாரி குறுக்கிடுகிறார். கடையின் தோழமை மலிவாகக் கிடைப்பதன் காரணம் இதுதான். அதன் விலையைச் செலுத்தியவர்கள் மேடைக்கு வருவதே இல்லை. எவ்லின், பெஸ்ஸி, ஜிம்மியின் மனைவி மார்ஜரி, பாரிட்டின் தாய் ரோசா: நால்வரும் ஆண்களின் பேச்சில் மட்டும் இருக்கிறார்கள். இது ஓநீலின் குறையா, அவர் வேண்டுமென்றே திறந்துவைத்த கதவா? இரண்டும் கலந்தது என்றே நினைக்கிறேன்.

7. அதே ஆண்டில் இன்னொரு மதுக்கடை

ஓநீல் கலிஃபோர்னியாவின் டேன்வில்லில் இருந்த தாவோ ஹவுஸ் வீட்டில் இந்நாடகத்தை எழுதிய 1939ஆம் ஆண்டிலேயே, வில்லியம் சரோயன் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்து மதுக்கடை ஒன்றை வைத்து ‘தி டைம் ஆஃப் யுவர் லைஃப்’ எழுதினார். அக்டோபரில் நியூயார்க்கில் மேடையேறியது. புலிட்சர் பரிசு வந்தது. கலையை வணிகம் ஆதரிக்க வேண்டியதில்லை என்று சரோயன் அதை மறுத்தார். அதில் ஜோ என்ற முக்கியப் பாத்திரத்தில் நடித்து, சரோயனோடு சேர்ந்து இயக்கியவர் எட்டி டவ்லிங். 1946இல் ஓநீலின் நாடகத்தை முதன்முதலில் இயக்கியவரும் அவரே.

சரோயனின் கடையிலும் கனவுக்காரர்கள்தான். ஆடத் தெரிந்தவன், பியானோ வாசிப்பவன், பின்பால் இயந்திரத்தை ஜெயிக்கத் துடிப்பவன். அங்கே கனவைச் சோதிப்பவன் வெளியிலிருந்து வரும் போலீஸ்காரன் பிளிக். அவனைச் சுட்டுவிட்டால் கனவு பிழைக்கும். பணத்துக்கும் குறைவில்லை, ஜோவின் பையிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. கடன் என்ற பேச்சுக்கே இடமில்லாததால் அங்கே மன்னிப்பும் எளிதாக இருக்கிறது. அழகான நாடகம், ஒப்புக்கொள்கிறேன். பின்பால்காரன் இறுதியில் ஜெயித்துக் கொடிகள் எழும்போது எனக்கு உள்ளுக்குள் ஏதோ நெருடுகிறது. ஓநீலின் கடையில் சோதிக்க வருபவன் அவர்கள் மிகவும் நேசித்த நண்பன். சுட்டுத்தள்ள வெளியே ஆள் இல்லை.

போர் முடியும்வரை ஓநீல் நாடகத்தை மேடைக்குக் கொடுக்கவில்லை. 1946 அக்டோபர் 9 அன்று, இடையில் சாப்பாட்டு இடைவேளையோடு, மார்ட்டின் பெக் அரங்கில் தொடங்கி 136 காட்சிகளோடு நின்றது. பத்தாண்டு கழித்து, 1956 மே மாதம், ஹோசே கின்டேரோ கிரீனிச் வில்லேஜில் ‘சர்க்கிள் இன் த ஸ்கொயர்’ அரங்கில் மீண்டும் மேடையேற்றினார். அது முன்பு இரவு விடுதியாக இருந்த இடம். மூன்று பக்கமும் பார்வையாளர்கள், எட்டிப்பிடிக்கும் தூரத்தில் மேசைகள். ஜேசன் ரோபார்ட்ஸ் ஹிக்கியாக நடித்தார். 565 காட்சிகள். அதே பிரதி, அதே பதினெட்டு முறை; பார்ப்பவனும் அறைக்குள் உட்கார்ந்துவிட்டதால் நீளம் சுமையாகத் தெரியவில்லை போலும்.

8. ஜன்னலோரம்

லாரியிடம் திரும்ப வேண்டும். ஹிக்கியின் வாக்குமூலத்தின் இடையிடையே பாரிட்டும் தன்னுடையதைத் துண்டுதுண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். தாயைக் காட்டிக்கொடுத்தது நாட்டுப்பற்றால் என்று முதலில் சொன்னான்; பிறகு பணத்துக்காக என்றான்; இப்போது வெறுப்பால் என்கிறான். அவனுக்கு வேண்டியது மன்னிப்பன்று. மன்னிப்பு என்ன செய்யும் என்பதைப் பக்கத்து மேசையில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். அவனுக்குத் தீர்ப்பு வேண்டும். அதைத் தரக்கூடியவன், தாயின் பழைய தோழனான லாரி ஒருவன்தான்.

வேடிக்கை பார்ப்பவன் என்ற மேடையிலிருந்து லாரி இறங்குகிறான். போய்ச் செத்துத்தொலை என்று கத்துகிறான். பாரிட் நன்றி சொல்லிவிட்டு மாடிக்குப் போகிறான். கடன் கொடுக்கவும் மாட்டேன், வாங்கவும் மாட்டேன் என்றிருந்த ஒருவன் செலுத்திய ஒரே ரொக்கம் அது. லாரி இரக்கத்தால் செய்தானா, அந்த இளைஞனின் முகத்தைப் பார்க்கச் சகியாமல் செய்தானா என்று பிரதி பிரித்துக் காட்டவில்லை. பிரிக்க முடியாது என்பதையே காட்டுகிறது.

பிறகு லாரி ஜன்னலோரம் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறான். நடு அறையில் ஹாரியின் பிறந்தநாள் மீண்டும் தொடங்கிவிட்டது. வெளியே ஏதோ விழும் ஓசை கேட்கிறது. பொருட்படுத்தியவன் அவன் மட்டும்தான். மற்றவர்கள் பாட ஆரம்பிக்கிறார்கள், ஆளுக்கொரு பாட்டு, ஒன்றுக்கொன்று இசையாமல், மேசையைத் தட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. நாடகத்தின் முதல் ஓசிக் குவளை லாரிக்குத்தான் ஊற்றப்பட்டது. மற்றவர்கள் தூங்கும்போது விழித்திருந்து வாங்கிக் குடித்தவன், அவர்கள் பாடும்போது அந்தப் பக்கம் திரும்பவில்லை.